உப்பில்லாத சமையல்

ஹந்தானை
6 ஜூலை 2025

மாப்பிள்ளை மோகனராஜுக்கு, கஜாவின் அம்மா வடிவம்மா எழுதுவது.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு நலம் எனக்குத் தெரிந்ததுதான். அதனால் வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு வீரையா கெலிஓயாவில் இரும்புக் கடையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட நேரத்தில் நம் பேத்தி லதுஷாவைச் சந்தையில் பார்த்தாராம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இல்லை, வீட்டுச் சட்டை. கையில் போஞ்சியும் கத்தரிக்காயும். "என்ன புள்ள, இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். "ஸ்கூல் இருக்கு தாத்தா, நான்தான் போகல. அம்மாவுக்குச் சமைக்கணும்" என்றாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பரில் உயர்தரப் பரீட்சை. அவளை நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று பேசுவது எங்களில் வழக்கமில்லை. போன் என்றாலும் பேச்சு பேச்சுதான். கஜாவோ என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. எழுத்து எனக்கு வரும். ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்.

போன மாதம் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. கஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், லதுஷா தேங்காய் துருவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, புத்தகத்தை எடு என்று நான் அதட்டினேன். நீங்கள் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "தாய் மகளுக்கு ஒரு பருப்புக்கறி வைக்கக்கூடக் கத்துக்குடுக்கல. அப்ப பேத்திதான வைக்கணும்." வழக்கப்படி என்னிடம் நேரே சொல்லவில்லை, அலுமாரியிடம்தான் சொன்னீர்கள். ஆனாலும் எனக்குக் காது கேட்கும். இனி அந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லி வந்தேன். அதில் மாற்றமில்லை.

வீரையா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

வடிவம்மா


கெலிஓயா
10 ஜூலை 2025

மதிப்புக்குரிய அத்தைக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கஜாவுக்குத் தெரியாமல், வேலை பார்க்கும் கந்தோரில் இருந்து இதை எழுதுகிறேன்.

அன்று நான் பேசியது தவறு. பெரியவர்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நான் சொன்ன விஷயம் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கும் மன்னியுங்கள்.

கிளினிக்கில் டொக்டர் சொன்னது இதுதான். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக்கொண்டு வருகிறது. உப்பை அடியோடு குறைக்க வேண்டும். கடைச் சாப்பாடு கூடவே கூடாது. கருவாடு, மாசி மீன், ஊறுகாய், பிஸ்கட்கூட வேண்டாம். சாப்பாடு சரியாக இருந்தால் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையைத் தள்ளிப் போடலாம். இல்லாவிட்டால் இந்த வருடமே அது வந்துவிடும்.

எங்கள் வீடு எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் சந்திக் கடை இடியப்பம், பகலுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார்சல், இரவுக்கு நான் வரும்போது வாங்கி வருவது. கஜா டீச்சர், நான் மாநகரசபையில் கிளார்க். இரண்டு சம்பளம், அதனால் ஓடியது. ரைஸ் குக்கரில் சோறு வரும், கறி வராது. இப்போது கஜாவால் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. லதுஷா போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள். வீடியோவில் எல்லாவற்றுக்கும் உப்புப் போடுகிறார்கள். அவள் போடாமல் வைக்கிறாள். கஜா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

ஒரு மாதம்தான், பிறகு ஏதாவது ஒழுங்கு செய்வேன்.

இன்னொன்று. எங்கள் கல்யாணத்தன்று என் அப்பாவிடம் நீங்கள் சொன்னதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். "என் பொண்ணுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியாதுங்க. ஆனா பட்டம் வாங்கியிருக்கா." சபை நடுவில், தலை நிமிர்ந்து சொன்னீர்கள். அப்போது நாங்கள் சிரித்தோம். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் அனுப்பிய இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் நன்றி. இரண்டுமே கஜாவுக்குக் கூடாதாம்.

மோகனராஜ்


ஹந்தானை
14 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

கல்யாணத்தில் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன். சபை கூட்டினால் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் "ஒரு மாதம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது என் அம்மா மலையில் சறுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். வீட்டில் அப்பா, அண்ணன், நான், கைக்குழந்தையாகத் தம்பி. எனக்கு அப்போதே சோறு வடிக்கத் தெரியும், ரொட்டி தட்டத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. "ஒரு மாசம் நிக்கட்டும், அம்மா எந்திரிச்சதும் போகட்டும்" என்று அப்பா மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். அப்பா நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அம்மாவும் எழுந்தாள், கொழுந்து பறிக்கப் போனாள். நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அதற்குள் நான் நன்றாகச் சமைக்கத் தொடங்கியிருந்தேன். அம்மா வேலைக்குப் போனால் இரண்டு பேர் சம்பளம், வீட்டில் சுடுசோறு. அதை யார் விடுவார்கள்? யாரும் என்னை நிறுத்தவில்லை மாப்பிள்ளை. யாரும் அனுப்பவுமில்லை, அவ்வளவுதான். அண்ணன் எட்டாம் வகுப்பு வரை போனார்.

அதனால்தான் கஜா அடுப்படிப் பக்கம் வந்தால் அகப்பைக் காம்பைக் காட்டி விரட்டினேன். அவள் அழுதாலும் விரட்டினேன். தெரியாதவளை யாரும் நிறுத்தி வைக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு சரி. அவள் பட்டம் வாங்கினாள்.

இப்போது உங்கள் வீட்டில் தெரிந்தவள் லதுஷா ஒருத்திதான். அதுதான் எனக்குப் பயம். அவளைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் வேண்டும். அது கஜாவால் முடியாது. ஆகவே நீங்கள்தான்.

நான் எழுதுகிறேன், நீங்கள் செய்யுங்கள். காலையில் வெள்ளனே எழும்பினால் கந்தோருக்குப் போவதற்குள் இரண்டு வேளைக்கும் சமைத்து வைக்கலாம். முதலில் பருப்பு. ஒரு சுண்டு பருப்பை மூன்று தண்ணீரில் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் மஞ்சள், நாலு பல் வெள்ளைப்பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டு வேக வையுங்கள். மூடி போட்டால் பொங்கி வழியும், மூடாதீர்கள். பக்குவம் வந்ததும் தேங்காய் முதற்பால் கொஞ்சம் விட்டு இறக்குங்கள். பிறகு வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள்.

உப்பில்லாமல் எப்படி ருசி கொண்டுவருவது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் அப்படிச் சமைத்ததில்லை. இன்றிலிருந்து நானும் உப்பில்லாமல் சாப்பிடப் போகிறேன். வாய்க்கு வருவது எது, வராதது எது என்று பார்த்து எழுதுகிறேன்.

வடிவம்மா


கெலிஓயா
20 ஜூலை 2025

அத்தைக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்ட அந்த விஷயம் கஜாவுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

பருப்பு சமைத்தாகிவிட்டது. நன்றாகவே வந்தது. கஜா கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள். போஞ்சியும் செய்தோம். கிளினிக்கில் ஒரு முறை சொல்லித் தந்திருக்கிறார்கள்: மரக்கறியைச் சிறிதாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் கொட்ட வேண்டும். அதன் பிறகுதான் தாளிக்க வேண்டும். இதில் சத்தெல்லாம் போய்விடாதா என்று கேட்டேன். போக வேண்டியதுதான் போகிறது என்றார் அங்கே சொல்லித் தந்த மிஸ்.

அதைத் தாளித்தால் வெறும் வைக்கோல் மாதிரி இருக்கிறது. என்ன செய்வது என்று எழுதுங்கள்.

லதுஷா திங்கள், புதன் பள்ளிக்கூடம் போனாள். மற்ற நாட்களில் வீட்டில் இருந்து படிக்கிறாள். ஆசிரியர்களுடன் பேசியிருக்கிறேன்.

மோகனராஜ்


ஹந்தானை
29 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

காய் அவித்த தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள் என்று வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தண்ணீரில் ரசம் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள் நான். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். இரண்டு நாள் நானும் அவித்துக் கொட்டினேன். கொட்டும்போது கை வரவில்லை.

உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி. முதல் நாலு நாள் மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. இங்கே என்னோடிருக்கும் மருமகள், நான் விரதம் என்று நினைத்து, "என்ன வேண்டுதல் அத்தை?" என்று கேட்டாள். வேண்டுதல்தான் என்றேன். ஐந்தாம் நாளிலிருந்து நாக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. வெங்காயத்தில் இனிப்பு தெரிகிறது. தேங்காய்ப் பாலில் ஒரு வாசம் தெரிகிறது, இத்தனை வருஷம் தெரியாத வாசம். ஆகவே கஜாவிடம் சொல்லுங்கள், கொஞ்ச நாள் பொறுத்தால் நாக்கு இறங்கி வரும்.

நான் கண்டுபிடித்தவை. மிளகை வறுத்து நுணுக்கி, இறக்கும்போது தூவினால் உப்பு இல்லாதது அவ்வளவு தெரியாது. தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளியைச் சாப்பிடும் நேரத்தில் விட வேண்டும், முன்னால் விட்டால் கசக்கும். அவித்துக் கொட்டிய போஞ்சிக்கு வறுத்த மல்லியும் சீரகமும் அரைத்துப் போட்டுப் புரட்டினால் வைக்கோல் இல்லை. இதையெல்லாம் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் டொக்டர் இல்லை.

இனி மற்ற விஷயம்.

சமைத்தாகிவிட்டது, செய்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சமைத்தேன் என்று எங்கேயும் எழுதவில்லை. அதனால் வீரையாவிடம் சொன்னேன், அந்த வீட்டுப் பக்கம் போய் மாப்பிள்ளை கையைப் பார்த்துவிட்டு வா என்று. பார்த்துவிட்டு வந்தார். "அத்தாச்சி, அவரு கை கிளார்க் கைதான். ஒரு சூடு இல்ல, ஒரு வெட்டு இல்ல. நகத்துல மஞ்சகூட இல்ல" என்கிறார். சமையல் தெரியாத ஆள் இரண்டு வாரம் தாளித்தால் எண்ணெய் தெறிக்காமல் இருக்காது மாப்பிள்ளை. லதுஷாவின் கையைப் பார்க்கச் சொல்லவில்லை, அவரே பார்த்திருக்கிறார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் சூடு இருக்கிறதாம்.

நான் கடிதம் எழுதியது உங்களுக்கு. அவளுக்கு வாசித்துக் காட்டவா எழுதினேன்?

வடிவம்மா


கெலிஓயா
3 ஓகஸ்ட் 2025

அத்தைக்கு,

உண்மைதான். உங்கள் கடிதங்களை லதுஷாதான் அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டி வைத்துச் செய்கிறாள்.

நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் பருப்பை அடுப்பில் வைத்தேன். "பக்குவம் வந்ததும் இறக்குங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பக்குவம் எப்படி இருக்கும் என்று எழுதவில்லை. நான் காத்திருந்தேன். அடி பிடித்து வீடெல்லாம் புகை. கஜா இருமிக்கொண்டு எழுந்து வந்து, என்னையும் சட்டியையும் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பிறகு லதுஷா வந்து, "விடுங்கப்பா, உங்களுக்கு பஸ் போயிரும்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். சுலபமாக இருந்தது. மறுநாள் இன்னும் சுலபமாக இருந்தது.

வெட்கமும் இருக்கிறது. அடுத்த வீட்டில் என் அக்கா இருக்கிறாள், யன்னலால் எல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவி நான் பார்த்ததில்லை.

நேற்றுக் கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். அதில் கழிவு போன மாதத்தைவிடக் கூடவில்லை. அப்படியே நிற்கிறது. சாப்பாடுதான் காரணம், இப்படியே விடாமல் கொண்டுபோங்கள் என்றார் டொக்டர். பஸ்ஸில் வரும்போது லதுஷா சொன்னாள்: "அப்பா, நான் அடுத்த வருஷம் பரீட்சை எழுதுறேனே. அம்மாவுக்கு நல்லா வந்துக்கிட்டு இருக்கு. இப்ப விட்டா பழைய மாதிரி ஆயிரும்." கவலைப்பட்டுச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள். கஜா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு உங்கள் அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

மோகனராஜ்


ஹந்தானை
6 ஓகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு,

பக்குவத்தை எழுத முடியாது. பருப்பு கொதிக்கும் சத்தம் மாறும், அதுதான் பக்குவம். முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பிறகு சத்தம் கனக்கும். எழுதிப் பார்த்தேன், வாசித்தால் எனக்கே விளங்கவில்லை. பக்கத்தில் நின்றுதான் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். உங்கள் குசினிக்குப் பின்கதவு இருக்கிறது, அதால் வருவேன்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் கூடத்தில் இருந்தால் நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறேன். என் மாமியார் காட்டிய வழக்கம் அது, அவருக்கு அவர் மாமியார். கதவுக்குப் பின்னால் நின்று அடுப்பு வேலை காட்ட முடியாது. நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன், கரண்டியைப் பிடித்துக் காட்டுவேன், பிழை செய்தால் நேரே சொல்வேன். உங்கள் அக்கா யன்னலால் பார்த்தால் பார்க்கட்டும். வெட்கம் எனக்கும் இருக்கிறது. எழுபது வயதுப் பொம்பளை, உங்களைவிடக் கூடவே இருக்கும்.

லதுஷா அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டும். குசினிக்கு வந்தால் நான் திரும்பிப் போய்விடுவேன். அவளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் என்னைக் கட்டிப் பிடிப்பாள், எனக்கு மனம் இளகிவிடும்.

கஜாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்தால் தெரியும்தானே.

வடிவம்மா


கெலிஓயா
7 நவம்பர் 2025

அத்தைக்கு,

ஒவ்வொரு ஞாயிறும் வந்து போகிறீர்கள், பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். இதை நேரில் சொல்ல எனக்கு வராது. நேரில் நாம் மிளகாய், உள்ளி, அடுப்பைக் குறை, இவற்றைத் தவிர வேறு எதுவும் பேசிப் பழகவில்லை.

லதுஷாவுக்குத் திங்கட்கிழமை முதலாவது பாடத்துக்குப் பரீட்சை. செப்டெம்பரிலிருந்து ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறவில்லை. உங்கள் மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. "நான் நல்லா செய்றதத்தான் அம்மாச்சி என்கிட்ட இருந்து புடுங்கிட்டாங்க" என்கிறாள். நான் செய்யும் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறாள். சரி என்று விட்டுவிட்டேன்.

கஜாவின் இரத்தத்தில் கழிவு போன கிழமை கொஞ்சம் கூடியிருக்கிறது. டொக்டர் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மெஷினுக்குப் போவது இல்லை என்று அவர் சொல்லவில்லை. இப்போதைக்கு இல்லை என்றுதான் சொன்னார். இதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

எழுத வந்தது வேறு. நேற்று என் அக்கா வந்தாள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போஞ்சி புரட்டிக்கொண்டிருந்தேன். "ஏன்டா, வீட்டுல ரெண்டு பொம்பள இருக்கும்போது இது என்ன கோலம்? அவ தாய் வந்து ஒன்னய இப்படி ஆக்கிட்டுப் போயிருச்சே" என்றாள். நான் பதில் சொல்லுமுன் கஜா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு நாளும் நீங்கள் வந்தால் கஜா படுத்தே இருக்கிறாள், உங்களோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. நோய்க் களைப்பு என்று நாம் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

கஜா சொன்னாள்: "சொல்லாதீங்க அண்ணி. எங்கம்மா பக்கத்துல நின்னு கத்துக்குடுத்தது இவருக்குத்தான். எனக்கு அது கெடைக்கல. சின்னதுல நான் அடுப்படிக்குப் போனது சமையல் கத்துக்கவா? அம்மா அங்கதான இருந்தாங்க."

அக்கா போய்விட்டாள். கஜா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போஞ்சி கருகிவிட்டது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் மகள் திங்கட்கிழமை பரீட்சை எழுதுகிறாள், அது உங்களால். ஆனால் இதை நீங்கள் அறியாமல் இருக்கக் கூடாது என்று மனம் சொல்லியது.

மோகனராஜ்


ஹந்தானை
8 நவம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

நேற்றே கடிதம் வந்தது. இப்போது எழுதுகிறேன்.

நான் செய்தது பிழை என்று சொல்லமாட்டேன். பிழை என்றால் அவளுடைய பட்டமும் பிழை, பள்ளிக்கூடத்தில் அவள் எழுத்தறிவித்த இத்தனை பிள்ளைகளும் பிழை. அவள் என்னைப் பார்க்கத்தான் வந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. சட்டியைத் தேடி வருகிறாள் என்று நினைத்தேன். அந்த வயதில் நான் சட்டியோடு நின்றவள், எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இந்த ஞாயிறு வரவில்லை. திங்கட்கிழமை வருகிறேன். வாசலால் வருவேன்.

கூடத்தில் இருக்கும் கை வைத்த கதிரையைக் குசினியில் கொண்டுவந்து போட்டு வையுங்கள். அடுப்புக்குக் கிட்ட வேண்டாம், யன்னல் பக்கம் காற்று வரும் இடத்தில். கஜா நிற்க வேண்டாம், எதையும் தொடவும் வேண்டாம். வெங்காயம் உரிக்கிறேன் என்று கேட்டால் மட்டும் இரண்டைக் கொடுப்பேன். உட்கார்ந்து பேசட்டும். என்னைத் திட்டுவதானாலும் திட்டட்டும். எனக்கு அன்றைக்கு வேறு வேலையில்லை.

லதுஷாவிடம் கோபம் இருந்தால் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கேள்வியை இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் அவளைப் பரீட்சை மண்டபத்தில் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே கந்தோருக்குப் போய்விடுங்கள். அன்றைக்குச் சமையல் என்னுடையது. அந்தக் குசினியில் மூன்று பேருக்கு இடமில்லை.

வடிவம்மா